ஒரு வீட்டு வயரிங்குக்கு எத்தனை நாள்? ஆப் சொன்னது 7, ஆனது பதினொன்றரை

திண்டுக்கல்லில் இருந்து வந்த கேள்வி:
"பாயிண்ட் (லைட், ஃபேன், பிளக் என ஒவ்வொரு இணைப்பும் ஒரு பாயிண்ட்) எண்ணிக்கையைத் தட்டினால் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சரியாகச் சொல்கிற ஆப் ஏதாவது இருக்கிறதா? 12 வருஷமா வயரிங் எடுத்துச் செய்றேன். மெட்டீரியல் கணக்கில் ஒரு காயில் (வயர்ச் சுருள்) கூட இடிக்காது. கூலிக் கணக்கு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கையைக் கடிக்குது."

பிப்ரவரி 9, 2025

இல்லை. நானும் தேடி, ஒரு வருஷச் சந்தா கட்டி ஏமாந்தவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீடு, 1,250 சதுர அடி, இரண்டு படுக்கையறை, 74 பாயிண்ட். ஆப்பில் போட்டேன். ஒரு பாயிண்டுக்கு 1.5 ஆள் மணி (ஒருவர் ஒரு மணி நேரம் செய்யும் வேலை ஒரு ஆள் மணி), மொத்தம் 111 மணி, வயர்மேன் ஒருவர் ஹெல்பர் ஒருவர் என்றால் 7 நாள் என்று பச்சைக் கலரில் காட்டியது. நாளொன்றுக்கு வயர்மேனுக்கு 1,100, ஹெல்பருக்கு 750, ஆக 1,850. ஏழு நாளைக்கு 12,950. பாயிண்டுக்கு 250 என்று கூலி பேசி 18,500 வாங்கினேன், கையில் 5,550 நிற்கும் என்று நினைத்துக்கொண்டு. போன மாதம் வேலை முடிந்தபோது சம்பள நோட்டைக் கூட்டினால் பதினொன்றரை நாள், 21,275 ரூபாய். கைக்காசு 2,775 போட்டுத்தான் அந்த வீட்டில் லைட் எரிகிறது. நான் போய் நின்ற நாளெல்லாம் தர்மக் கணக்கு.

ஆப்பை அன்றே அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 11, 2025

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று கூகுள் ஷீட்டில் நானே ஒன்று போட்டேன். வயர் இழுத்த நாட்களின் தொடக்க நேரம், முடிந்த நேரம் எல்லாம் நோட்டில் இருந்தது, ஏற்றிக் கூட்டினால் வயர் இழுக்க மொத்தமே 13 மணி. பாயிண்டுக்குப் பத்து நிமிஷச் சொச்சம்! அப்படியென்றால் நேரத்தைத் தின்றது பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் வேலைதான். காடி வெட்டும் மெஷின், வால் சேசர், வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றுகிறது. விலை விசாரிக்கிறேன்.

பிப்ரவரி 12, 2025, காலை

வாங்கவில்லை. மேலே சொன்ன 13 மணி தப்பு.

எங்கள் வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்டு, "இரண்டு பேர் நாலு நாள் வயர் இழுத்திருக்காங்க, எப்படிப்பா 13 மணி?" என்று கேட்டாள். எனக்கு உறைக்கவே இல்லை. ஷீட்டில் நேரத்தைக் கூட்டும்போது அது கடிகார நேரம் என்று நினைத்துக்கொள்கிறது, 24 தாண்டினால் மறுபடி பூஜ்யத்தில் இருந்து காட்டுகிறது. உண்மைக் கூட்டல் 61 மணி. அதில் இரண்டு நாள், அதாவது 48 மணி, மறைந்துபோய் மீதி 13 மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கட்டத்தின் வடிவத்தை டியூரேஷன் என்று மாற்றினால் 61 என்று ஒழுங்காகக் காட்டுகிறது. எக்செல்லிலும் இதே வம்பு உண்டு.

பாயிண்டுக்குப் பத்து நிமிஷம் இல்லை, ஐம்பது நிமிஷம். இதை நம்பி ஒரு கொட்டேஷன் அனுப்ப இருந்தேன், நல்லவேளை.

பிப்ரவரி 16, 2025

"ஆள் மணி என்றால், நாலு பேரை விட்டால் பாதி நாளில் முடியுமா?" என்று ஒருவர் கேட்கிறார். ஆப்பும் அப்படித்தான் நினைக்கிறது, ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் நாளைக் குறைத்துக் காட்டும்.

காடி வெட்டும்போது ஒருவர் மெஷின் பிடிப்பார், இன்னொருவர் உளி சுத்தியலோடு பின்னாலேயே வருவார், அங்கே நாலு பேரை இரண்டு ஜோடியாக இரண்டு அறையில் விடலாம், நேரம் பாதியாகும், புழுதி இரட்டிப்பாகும். வயர் இழுக்க இரண்டு பேர் கட்டாயம், வயரை இழுத்துவரும் ஸ்பிரிங்கைப் பைப்புக்குள் விட்டு ஒருவர் இந்த முனையில் இழுக்க, அந்த முனையில் ஒருவர் வயரைச் சிக்கலில்லாமல் தள்ளிக்கொடுக்க வேண்டும். ஒருவரை விட்டால் இரண்டு மடங்கு இல்லை, மூன்று மடங்கு ஆகும். டிபி (மின்சாரத்தைப் பிரித்துவிடும் பெட்டி) கட்டுவது ஒற்றை ஆள் வேலை. அந்தப் பெட்டிக்குள் நாலு கை நுழையாது. மற்ற மூவரும் மொபைல் பார்ப்பார்கள், அதற்கும் சம்பளம் உண்டு.

ஆகவே கட்டம் கட்டமாகத்தான் போட வேண்டும். ஸ்லாப் பைப், காடி, பாக்ஸ், வயர், ஃபிட்டிங்ஸ், டிபி. மொத்தமாக ஒரு பாயிண்டுக்கு இத்தனை என்பது பேரம் பேச மட்டும்தான் உதவும்.

பிப்ரவரி 23, 2025

"ரேட் புத்தகம் பார்க்கக் கூடாதா?" பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

மத்தியப் பொதுப்பணித்துறையின் ரேட் அனாலிசிஸ் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் கொத்தனார் இத்தனை நாள், பெல்தார் (சித்தாள் மாதிரி) இத்தனை நாள் என்று தசமத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பிஸ்தி என்றும் ஒரு ஆள் வருகிறார். யார் என்று பார்த்தால் தண்ணீர் சுமப்பவர். எங்கள் சைட்டில் அந்த வேலையைப் பச்சை ஹோஸ் பைப் செய்கிறது, அதற்குக் கூலி கிடையாது, வெயிலில் வெடித்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 1974ல் வந்த இந்தியத் தர நிர்ணயம் 7272 என்று ஒன்றும் உண்டு, கட்டட வேலைக்கு ஆள் உழைப்பு அளவுகள், அதன் முதல் பாகம் வட மண்டலத்துக்கு.

கத்தாரில் எஸ்டிமேட்டராக இருக்கும் சித்தப்பா மகன் அமெரிக்க எலெக்ட்ரிகல் காண்ட்ராக்டர் சங்கத்தின் லேபர் யூனிட் கையேட்டைப் பற்றிச் சொன்னான். நெக்கா என்பார்களாம். பெரிய எஸ்டிமேட் சாஃப்ட்வேர்களில் அந்த யூனிட்டுகளை ஏற்றிக்கொள்ளலாமாம். அதில் எனக்குப் பிடித்தது, ஒரே வேலைக்கு மூன்று பத்தி: சாதாரணம், கடினம், மிகக் கடினம். ஆறடி ஏணியில் நின்று செய்வதும் இருபதடி உயரத்தில் செய்வதும் ஒன்றா என்று கேட்டு வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் எண்களை அப்படியே எடுத்தால் கெட்டோம். அங்கே வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் பலகை அடித்தது, துளை போட்டுக் கேபிளைக் கோர்த்துக்கொண்டே போகலாம். நம்முடையது செங்கல், வெட்டினால்தான் வழி.

மூன்று பத்தியை மட்டும் திருடிக்கொண்டேன். என் பத்திகள்: பூச்சுக்கு முன், பூச்சுக்குப் பின், ஆள் குடியிருக்கும் வீடு. மூன்றாவதில் கட்டிலை நகர்த்தும் நேரமும் பாட்டியின் தூக்கம் கலையாமல் வெட்டும் நேரமும் அடக்கம்.

மார்ச் 2, 2025

"எதற்கு இவ்வளவு பாடு, வருகிற எண்ணில் 30 சதவீதம் ஏத்திடுங்க." ஏற்றினேன், போன வருஷம் ஒரு வீட்டில். பத்து நாள் வேலை, பதின்மூன்று நாள் என்று பசங்களிடம் சொல்லியும் வைத்தேன். சரியாகப் பதின்மூன்றாம் நாள் மாலை நாலரைக்கு முடித்தார்கள். வேலை, கொடுத்த நேரம் முழுக்கப் பரவும் என்று பார்க்கின்சன் 1955லேயே எழுதிவிட்டார்.

அப்புறம் நாள் கணக்கைச் சொல்லாமலே இருந்து பார்த்தேன், அது இன்னும் மோசம், எப்போது முடிப்பது என்றே தெரியாமல் மிதந்தார்கள். இப்போது கட்டத்துக்கு ஒரு நாள் சொல்கிறேன், மொத்தம் சொல்வதில்லை.

மார்ச் 9, 2025

அந்த 61 மணியைப் பற்றி இன்னும் கொஞ்சம். நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் 10 ஆள் மணி ஒரே ஒரு பாயிண்ட். பின்பக்கப் படுக்கையறை ஃபேன்.

ஸ்பிரிங் விட்டால் ஸ்விட்ச் பாக்ஸில் இருந்து எட்டடி போகிறது, நிற்கிறது. ஃபேன் பாக்ஸ் பக்கமிருந்து விட்டால் நாலடியில் நிற்கிறது. நடுவில் எங்கோ அடைப்பு. ஆட்டிப் பார்த்தோம், இழுத்துப் பார்த்தோம், ஸ்பிரிங் தலை உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கான்கிரீட் போட்ட அன்று கப்ளிங்கில் பேஸ்ட் போடாமல் சொருகி வைத்த ஒரு ஜாயின்ட், கம்பி மேல் நடக்கிறவர்கள் கால் பட்டோ வைப்ரேட்டர் ஆட்டியோ கழன்றிருக்கிறது, சிமென்ட் பால் இறங்கிக் கெட்டிவிட்டது. அன்று கான்கிரீட் முடியும்வரை எங்கள் ஆள் ஒருவர் ஸ்லாப் மேல் நின்றிருக்க வேண்டும். நான்தான் இன்னொரு சைட்டுக்குக் கூட்டிப்போனேன், அரை நாள் மிச்சம் என்று. பூசி முடித்த சீலிங்கை ஓரமாக உடைத்து, புது வழி போட்டு, கொத்தனாரைக் கெஞ்சி மறுபடி பூசி, இரண்டு பேருக்கு ஐந்து மணி நேரம்.

அந்த ஒன்றை எடுத்துவிட்டால் 73 பாயிண்டுக்கு 51 மணி, ஒன்றுக்கு 42 நிமிஷம். சேர்த்தால் 50. எதை ஷீட்டில் வைப்பது? 42 என்றால் அடைப்பு வராத வீட்டில் மட்டும் சரியாக இருக்கும், 50 என்றால் எல்லா வீட்டிலும் சீலிங் உடைகிறது என்று அர்த்தம். 42 வைத்துவிட்டு, மறுவேலை என்று தனி வரி போட்டிருக்கிறேன்.

பெர்ட் முறையை ஒருவர் சொன்னார். 1958ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்குக் கண்டுபிடித்தது. நல்ல நேரம், வழக்கமான நேரத்தின் நாலு மடங்கு, கெட்ட நேரம், மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். வயருக்கு 40, 50, 75 என்று போட்டால் 52.5 வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 75 எனக்கு 61ஐப் பார்த்த பிறகு வந்த ஞானம். வேலைக்கு முன்னால் கேட்டிருந்தால் கெட்ட நேரம் 55 என்றிருப்பேன், விடை 49 வந்திருக்கும். என் கெட்ட கனவுகள் கூடச் சிக்கனமானவை.

மார்ச் 23, 2025

நோட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

சம்பள நாளில், சனிக்கிழமை சாயங்காலம், தம்பி ஒரே மூச்சில் ஆறு நாளையும் எழுதுவதைப் பார்த்தேன். 9.30 - 6.00, 9.30 - 6.00, 9.30 - 6.00. பேனாவே மாறவில்லை. பொய் சொல்கிறான் என்று சொல்ல மாட்டேன், அவனுக்கு அது சம்பளச் சீட்டு, நேரக் கணக்கு என் தேவை. எந்த ஆப்பில் ஏற்றினாலும் 8, 8, 8 என்றுதான் வரும், வரைபடம் மட்டும் அழகாக இருக்கும்.

இப்போது ஒரே ஒரு ஏற்பாடு. சைட்டுக்குள் நுழைந்ததும் வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ, முதல் கட்டிங் தொடங்கும்போது ஒன்று, கருவியை மூட்டை கட்டும்போது ஒன்று. எழுத வேண்டாம், நேரத்தை வாட்ஸ்ஆப்பே போட்டுவிடும். ஆனையூரில் ஒரு வீட்டில் இரண்டு வாரமாக நடக்கிறது. முதல் நாள் போட்டோ 9.25, பூட்டிய கேட். இரண்டாவது 10.20, சுவரில் கோடு. நடுவில் 55 நிமிஷம். சாவி உரிமையாளரின் மச்சான் வீட்டில், வாங்கிவர ஒரு பயணம், டெம்பரரி போர்டில் இருந்து எக்ஸ்டென்ஷன் இழுப்பது, சாரப்பலகையைக் கொத்தனாரிடம் கேட்டு வாங்குவது, டீ. சாயங்காலம் பொறுக்கிக் கட்ட 15 நிமிஷம். ஆளுக்கு 1 மணி 10 நிமிஷம், ஒரு பாயிண்டும் நகராமல்.

ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 2 வரை. பேப்பரில் வந்திருந்தது, நாங்கள் பார்க்கவில்லை. அன்றைக்கு இரண்டாவது போட்டோவே கிடையாது.

ஏப்ரல் 6, 2025

நேற்று ராத்திரி ஒத்தக்கடை வீட்டின் சம்பள நோட்டையும் என் போனில் கூகுள் மேப்ஸ் டைம்லைனையும் பக்கத்தில் வைத்து எண்ணினேன். பதினொன்றரை நாள் வேலைக்கு 19 தடவை போயிருக்கிறோம். முழு நாள் 6, அரை நாள் 9, கால் நாள் 4.

ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 2 மணி 20 நிமிஷம் தொலைகிறது என்று ஆனையூர் போட்டோக்கள் சொல்கின்றன. ஒத்தக்கடையும் ஏறக்குறைய அதே தூரம்தான். 19 தடவைக்கு 44 மணி. மறுவேலை என்று நோட்டில் இருப்பது: அடைத்த ஃபேன் பைப் 10, பூச்சுக்காரர் மூடிவிட்ட பாக்ஸ்களைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தது 6, டிவி சுவரை வீட்டுக்கார அம்மா மாற்றச் சொன்னது 8, ஆக 24. பதினொன்றரை நாள், இரண்டு பேர், எட்டு மணி வீதம் மொத்தம் 184. அதில் இரண்டையும் கழித்தால் 116. வகுத்தல் 74.

1.57.

ஆப் சொன்னது 1.5.

ஏப்ரல் 7, 2025

ஆமாம், பிப்ரவரி 9ல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், இதை எழுதத்தான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. ஆப் கையில் கருவி இருக்கிற நேரத்தைச் சரியாகத்தான் சொன்னது. எத்தனை தடவை போவாய் என்று அது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வயரிங் வேலையின் வியாதியே இதுதான். கொத்தனார் வந்தால் தொடர்ந்து நிற்பார். நாம் கம்பி கட்டி முடித்த அன்று வர வேண்டும், கான்கிரீட் அன்று நிற்க வேண்டும், சென்ட்ரிங் பிரித்தபின் வர வேண்டும், பூச்சுக்கு முன், பூச்சுக்குப் பின், பட்டி பார்த்தபின், பெயின்ட் ஒரு கோட் முடிந்தபின், கிரகப்பிரவேசத்துக்கு முந்தின ராத்திரி. அடுத்தவர் வேலைக்கு நடுவில் சொருகுகிற வேலை. ஒருவர் தாமதித்தால் நாம் போய்த் திரும்பி வருவோம்.

திண்டுக்கல் நண்பருக்கு: உங்கள் மெட்டீரியல் இடிக்காததற்குக் காரணம் வயர் 90 மீட்டர் காயிலாக வருகிறது, எண்ணலாம். கூலியில் எண்ண வேண்டியது தடவை. கடைசி மூன்று வீட்டுக்கு எத்தனை தடவை போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், நாள் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

ஏப்ரல் 8, 2025

1994ல் வந்த ஒரு ஆய்வை ஒருவர் அனுப்பினார். ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டால் சராசரி 33.9 நாள் என்றார்களாம், ஆனது 55.5. வகுத்தால் 1.64. என்னுடையது 184 வகுத்தல் 111, 1.66. படித்தவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். தோசை வந்தது, பதில் வரவில்லை.

ஏப்ரல் 20, 2025

திருமங்கலம் பக்கம் 52 பாயிண்ட் வீடு ஒன்று. இந்த முறை கொட்டேஷனில் தடவைக்கு இத்தனை என்று நேர்மையாக ஒரு வரி போட்டுக் கொடுத்தேன். உரிமையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "வந்து போறதுக்கும் காசாண்ணே? நான் ஆபீசுக்குப் போய் வர்றதுக்கு யார் தர்றா?" பக்கத்தில் இருந்த மேஸ்திரி சிரித்துவிட்டார்.

நம் ஊரில் பாயிண்ட் ரேட் என்பது மொழி மாதிரி, அதில் பேசினால்தான் காது கொடுப்பார்கள். அவர் 240, நீங்கள் 300 என்று ஒப்பிடுவார்களே தவிர, தடவை என்ற சொல் அந்தப் பேரத்துக்குள் நுழையாது. அந்த வரியை எடுத்துவிட்டுத் தொகையைப் பாயிண்டுக்குள் கரைத்தேன். ஷீட்டில் தடவை, வெளியே பாயிண்ட். ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு ரேட், திருமங்கலத்துக்கு ஒரு ரேட். ஏன் என்று கேட்டால் பெட்ரோல் என்பேன், அது எல்லோருக்கும் புரிகிறது.

என் கணக்கு: 52 பாயிண்ட், 1.57 வீதம் 82 மணி. 12 தடவை, தூரம் அதிகம் என்பதால் தடவைக்கு 3 மணி 20 நிமிஷம், 40 மணி. மறுவேலைக்கு 16. மொத்தம் 138. இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்ல முடியாது.

மே 13, 2025

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். நான்கு நாளாக ஒரு ஆள் போன் எடுக்கவில்லை, ஹெல்பர் மட்டும் ஒரு போட்டோ அனுப்பினான், தல்லாகுளத்தில் நீர்மோர்ப் பந்தலில் இருந்து. நேர முத்திரை சரியாக இருந்தது.

ஷீட்டில் சித்திரையில் ஐந்து நாளைச் சிவப்படித்துவிட்டேன். ஆடியில் யாரும் புது வீடு தொடங்க மாட்டார்கள், தீபாவளிக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டும். இது எந்தச் சாஃப்ட்வேரின் லீவு பட்டியலிலும் கிடையாது, நாமே அடிக்க வேண்டியது.

ஜூன் 15, 2025

திருமங்கலம் முடிந்தது. ஆனியில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், அதனால் வைகாசி முடிவதற்குள் என்று எல்லோரும் ஓடினார்கள்.

ஒன்பதேகால் நாள், 148 மணி. 138 என்று எழுதி வைத்தேன், 10 மணி பிசகு. 12 தடவை என்றேன், 14 ஆயிற்று. ஒன்று, ஏசி பாயிண்டை வேறு சுவருக்கு மாற்றியது. இன்னொன்று, போய் நின்றால் பெயின்டர் தரை முழுக்க ஈரமாக வைத்திருந்தார், திரும்பிவிட்டோம். அந்த இரண்டு தடவையே 6 மணி 40 நிமிஷம். மீதி மூன்று மணிச் சொச்சத்துக்கு நான் சண்டை போடப் போவதில்லை.

மூன்று போட்டோவில் நடுவில் உள்ளதை மட்டும் பசங்க மறந்துவிடுகிறார்கள், எனக்கு வேண்டியதே அதுதான். இப்போது முதல் கோடு போட்ட போட்டோ வந்த பிறகுதான் டீக்குக் காசு போகும்.

ஜூலை 20, 2025

ஆடி, கையில் வேலை இல்லை, ஷீட்டைச் சுத்தம் செய்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வீடு ஏறியிருக்கிறது, இதை வைத்து ஊருக்கு விதி சொல்ல முடியாது. தவிர மூன்றும் ஒரே வயர்மேன். அவன் போய் வேறொருவன் வந்தால் 1.57 என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், அவன் போகாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆப்பை மறுபடி போனில் ஏற்றியாயிற்று, சந்தா இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதில் பாயிண்ட் கணக்கு, ஷீட்டில் தடவைக் கணக்கு. ஷீட் கேட்டவர்கள் அவரவர் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனையூர் 2.20, திருமங்கலம் 3.20 என்று இருக்கும் பத்தியில் உங்கள் ஊர்த் தூரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். மொத்த நேரக் கட்டத்தின் டியூரேஷன் வடிவத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், 13 மணி என்று காட்டும், நம்பிவிடுவீர்கள்.